ரிலேவுக்குப் பதில் டயோடு

கேள்வி: 7 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் டிரான்ஸ்மிட்டர் கட்டியிருக்கிறேன். ஏரியலை டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் மாற்றிவிட, ரிலேவுக்குப் பதிலாக 4148 டயோடை 20 மில்லிஆம்பியர் பயாஸில் (டயோடைக் கடத்த வைக்கும் நிலையான டிசி கரண்ட்) வைத்தேன். ஸ்பைஸில் (சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஏசி அனாலிசிஸ் அருமையாக வந்தது. நிஜத்தில் இரண்டு, மூன்று மடங்கான 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் என் சிக்னல் கேட்கிறது. நண்பர் 4007 போடச் சொல்கிறார். அது பவர் சப்ளை டயோடு அல்லவா ஐயா? – வாசகர், கரூர்

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். ஏசி அனாலிசிஸ் எந்த சிக்னலையும் மிகச் சிறியதாகவே எடுத்துக்கொள்ளும்; அதற்கு உங்கள் 5 வாட்டும் ஒன்றுதான், ஒரு மைக்ரோவாட்டும் ஒன்றுதான். சிக்னலின் முழு அலையையும் நேரப்படி கணக்கிடும் டிரான்சியன்ட் அனாலிசிஸ் ஓட்டியிருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

50 ஓமில் 5 வாட் என்றால் உச்சக் கரண்ட் 450 மில்லிஆம்பியர். பயாஸோ வெறும் 20. அப்படியும் டயோடு விடாமல் கடத்திக்கொண்டே இருக்கவேண்டுமானால் உள்ளே போதிய சார்ஜ் தேங்கியிருக்க வேண்டும். அரைச் சுற்றில் சிக்னல் இழுக்கும் சார்ஜ் சுமார் 20 நானோகூலும். தேங்கும் சார்ஜ், பயாஸ் கரண்டை மின்துகள்களின் ஆயுளால் (உள்ளே புகுந்த துகள் மறையும்வரை ஆகும் சராசரி நேரம்) பெருக்கினால் வருவது. 4148-இல் அந்த ஆயுள் சில நானோசெகண்ட், 0.1 நானோகூலும்தான் தேறும். ஆயிரம் வோல்ட் தாங்க வேண்டிய 4007-இல் பி, என் இரண்டுக்கும் நடுவே அகலமான, கலப்பு குறைந்த அடுக்கு உண்டு. ஏறக்குறைய பின் (PIN) டயோடுதான்; ரேடியோ சிக்னலை மாற்றிவிடவே செய்யப்படும், இப்படி நடு அடுக்குள்ள டயோடு அது. ஆயுளை 2 மைக்ரோசெகண்ட் என்று வைத்தாலும் 40 நானோகூலும் கிடைக்கிறது.

கடையில் யுஎஃப் 4007 கொடுத்தால் வாங்காதீர்கள். வேகத்துக்காக ஆயுளை வேண்டுமென்றே குறைத்த சரக்கு அது.

சாதாரண ஸ்பைஸ் மாடலை 4007-க்கும் முழுதாக நம்ப முடியாது. அதில் தொடர் மின்தடை மாறாத எண். உண்மையில் பயாஸ் கூடக்கூட நடு அடுக்கின் தடை இறங்கும். தடை = மாறிலி ÷ சார்ஜ் என்று ஸ்பைஸில் சின்ன சப்சர்க்யூட் (சொந்த மாடல்) எழுதி, மாறிலியை பெஞ்சில் அளந்து போடுவதே என் வழக்கம்.

ரிசீவர் பக்க டயோடை, டிரான்ஸ்மிட் செய்யும்போது பயாஸ் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். ஏரியலில் உச்சம் 22 வோல்ட். அது டயோடைக் கடத்த வைக்காதபடி, அதற்குக் குறையாத ரிவர்ஸ் பயாஸ் (எதிர்த்திசை வோல்டேஜ்) கொடுங்கள்.

இதே சர்க்யூட்டை 144 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். கடத்தாத நிலையிலும் 4007-இன் கெபாசிட்டன்ஸ் 15 பிகோஃபாரட்; அதன் வழியே சிக்னல் கசியும். 7 மெகாஹெர்ட்ஸில் அது 1,500 ஓம். 144-இல் 74 ஓம்தான். அங்கே கெபாசிட்டன்ஸ் அரை பிகோஃபாரட்டுக்கும் குறைந்த அசல் பின் டயோடுதான் வாங்கவேண்டும்.