பிரஷ் மூட்டையும் லேயர் அடுக்கும்: கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாம் டிஜிட்டல் ஓவிய மென்பொருள்களில் வந்திருக்கும் பிரஷ், லேயர் வசதிகளைப் பற்றியவை. லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி; ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வரையலாம். நான் துணி டிசைன் போடுகிறவள். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள்தான் என் தினசரி சோறு. ஐபேடில் புரோகிரியேட் என்ற ஓவிய ஆப்பும் உண்டு. அதனால் பதில்களில் கிரிட்டா வாடை தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லூர், ஃபிளெக்ஸ் கடைக்காரர்: தங்கச்சி, பத்துக்கு ஆறு அடியில் ஒரு காதணி விழா பேனர். தெளிவாக இருக்கட்டும் என்று 300 டிபிஐ வைத்தேன். மூன்று லேயர் தாண்டவில்லை, கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. ராம் 8 ஜிபி. மென்பொருளை மாற்றணுமா?

மென்பொருள் மேல் தப்பில்லை அண்ணே, கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி என்றால் 120 அங்குலம், ஆறடி 72 அங்குலம். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், அது 36,000 × 21,600 பிக்சல், அதாவது ஏறத்தாழ 78 கோடிப் புள்ளி. ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்ற அளவு) என்று நாலு பைட். முழுக்க நிரம்பிய ஒரே ஒரு லேயர் 3.1 ஜிபி சாப்பிடும். மூன்றாவது லேயரில் நிற்காமல் என்ன செய்யும்? இதையே 72 டிபிஐயில் வையுங்கள்: 8,640 × 5,184. ஒரு லேயர் 180 எம்பிதான். ரோட்டில் பைக்கில் போகிறவர் அந்தப் பேனரை லென்ஸ் வைத்துப் பார்க்கப்போவதில்லை.

லேயர் எண்ணிக்கையைப் பார்த்து மிரளவும் வேண்டாம். கிரிட்டா படத்தை 64 × 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒன்றும் வரையாத கட்டத்துக்கு இடம் பிடிக்காது. மூலையில் ஒரு மயில் மட்டும் இருக்கும் லேயர் மயிலளவுக்குத்தான் செலவு வைக்கும். புரோகிரியேட்டில் கதை வேறு: கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கும் லேயர் எண்ணிக்கையே குறையும்.

திரையில் பளபளக்கும் பச்சை அச்சில் செத்துப்போவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரிட்டாவில் கண்ட்ரோல்+ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி விழும் என்பதைத் திரையிலேயே உத்தேசமாகக் காட்டும். முன்பணம் வாங்குவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்கு அதைக் காட்டிவிடுங்கள்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: அக்கா, புரோகிரியேட் ஆண்ட்ராய்டு போனுக்கு எங்கே டவுன்லோடு செய்வது?

எங்கேயும் இல்லை தம்பி. அது ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும். அந்தப் பெயரில் யாராவது ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடாதீர்கள். போனில் ஐபிஸ் பெயிண்ட் என்ற ஓவிய ஆப்பைப் போடுங்கள். விளம்பரம் வரும், சகித்துக்கொள்ள வேண்டியதுதான். லேயர், கிளிப்பிங் (ஒரு லேயரை அடியில் உள்ள வடிவத்துக்குள் அடக்குவது), கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

மகால் பக்கம், சுங்குடி வியாபாரக் குடும்பத்துப் பெண்: அக்கா, சுங்குடிப் புள்ளியை டிஜிட்டலில் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கிறது. பார்டர் டிசைனும் ஒட்டுமிடத்தில் கோடு தெரிகிறது. என்ன செய்ய?

ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த கேள்வி இது. நீங்கள் வண்ணத்துணி மேல் வெள்ளைப் புள்ளி வைக்கிறீர்கள், சரிதானே? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்தது அதற்கு நேர்மாறு. துணியைக் கிள்ளி முடிச்சுப் போட்டு, சாயம் ஏறாமல் காத்த இடம்தான் புள்ளி. லேயரிலும் அதே வரிசையில் போங்கள். அடியில் துணியின் நிறம், அதற்கு மேல் சாயம் ஒரு லேயர். அந்தச் சாய லேயருக்கு ஒரு டிரான்ஸ்பரன்சி மாஸ்க் (லேயரை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்டு, மாஸ்க்கில் கறுப்பால் புள்ளி வையுங்கள். கறுப்புப் பட்ட இடத்தில் சாயம் மறைந்து துணி தெரியும். தப்பாக வைத்த புள்ளியை வெள்ளையால் மூடிவிடலாம், சாயத்துக்குச் சேதமில்லை. அரக்கு வேண்டாம், மயில் கழுத்து நிறத்தில் காட்டு என்று கடைக்காரர் கேட்டாலும் அந்த ஒரு லேயரை மாற்றினால் போதும்.

ஸ்டிக்கர் தோற்றத்துக்குக் காரணம், எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருப்பது. கை முடிச்சு இரண்டு ஒன்றுபோல வராது. கிரிட்டாவின் பிரஷ் எடிட்டரில் அளவுக்கும் சுழற்சிக்கும் ‘ஃபஸ்ஸி டேப்’ என்ற சென்சாரைப் போடுங்கள், புள்ளிக்குப் புள்ளி தானாக மாறும். ஆனால் அளவு கொஞ்சம்தான் மாற வேண்டும். அதிகம் வைத்தால் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒட்டுக் கோட்டுக்கு ராப்-அரவுண்ட் முறை. கிரிட்டாவில் டபிள்யூ கீயை அழுத்துங்கள். வலது விளிம்பைத் தாண்டும் கோடு இடது விளிம்பில் தொடரும், மேலும் கீழும் அப்படியே. 2023 அக்டோபரில் வந்த 5.2 பதிப்பிலிருந்து இதைக் கிடைமட்டமாக மட்டும், அல்லது செங்குத்தாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பார்டர் வேலைக்கு இது வரம். நீளவாக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், மேலும் கீழும் கரை கரையாகவே நிற்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இப்படி அச்சடித்ததை அச்சு என்று சொல்லியே விற்கலாம். முடிச்சுப் போடும் விரல்களுக்கு நாம் செய்கிற மரியாதை அது.

மேலூர், பள்ளி ஓவிய ஆசிரியை: சிக்குக் கோலத்துக்கு சிமெட்ரி வசதியைப் போட்டால் கோலம் கோணலாகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

டீச்சர், நீங்கள் கண்ணாடிச் சமச்சீரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நிறையச் சிக்குக் கோலங்களில் இடமும் வலமும் கண்ணாடி பிம்பமாக இருக்காது. கோலத்தைக் கால் சுற்று திருப்பினால் அதே கோலம் வரும். அதாவது சுழற்சிச் சமச்சீர். கிரிட்டாவில் க்யூ கீயை அழுத்தினால் மல்டிபிரஷ் வரும். வகையில் ‘மிரர்’ வேண்டாம், ‘சிமெட்ரி’ எடுத்து, பிரஷ் எண்ணிக்கையை 4 என்று வையுங்கள். புரோகிரியேட்டில் டிராயிங் கைடில் ‘ரொட்டேஷனல் சிமெட்ரி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. புள்ளிகளைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். முதலில் கோலத்தைத் தாளில் வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உசிலம்பட்டி, சுவர் எழுத்து ஓவியர்: அம்மா, எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் பேனா டேப்லெட் வாங்கித் தந்தான். பட்டை பிரஷ்ஷில் ‘ழ’ போட்டால் எனக்கென்று ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. இதில் கயிறு திரித்த மாதிரி ஒரே கனமாக வருகிறது. ஸ்டெபிலைசர் போடு என்றான் மகன். போட்டால் கோடு என் கைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

ஐயா, உங்கள் கையில் குறை ஒன்றுமில்லை. அந்த பிரஷ்ஷின் அமைப்பில் இருக்கிறது. சுழற்சிப் பகுதியில் ‘டிராயிங் ஆங்கிள்’ போட்டிருப்பார்கள். அப்படியென்றால் நீங்கள் வளைக்கும் பக்கமெல்லாம் பட்டையும் கூடவே திரும்பும். திரும்பினால் கனம் எப்படி மாறும்? சுவரில் நீங்கள் பட்டையை ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு கையை மட்டும் வளைப்பீர்கள். மெல்லிசும் தடிமனும் அதிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் சுழற்சியை அணைத்துவிட்டு, முனையின் கோணத்தை 45 டிகிரி பக்கம் நிலையாக வையுங்கள். ‘ழ’வும் ‘ஞ’வும் உங்கள் எழுத்தாகத் திரும்பி வரும்.

ஸ்டெபிலைசர் பல புள்ளிகளைச் சராசரி எடுத்துத்தான் கோட்டைப் போடுகிறது, அதனால்தான் பின்தங்குகிறது. கை பழகாதவர்களுக்கு அது ஊன்றுகோல். உங்களுக்கு கிரிட்டாவில் ‘பேசிக்’ என்ற லேசான முறை போதும். அடுத்ததாக, அமைப்புகளில் டேப்லெட் பகுதிக்குப் போய், பேனாவை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கனம் என்று சொல்லும் அழுத்த வளைவைச் சரிசெய்யுங்கள். சுவரில் அழுத்தி எழுதிப் பழகிய கைக்கு, முதலில் வரும் அளவு சீக்கிரமே உச்சத்தைத் தொட்டுவிடும். வளைவை நடுவில் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டால் உங்கள் பலத்துக்கு ஈடு கொடுக்கும்.

வண்ணம் ஒன்றோடொன்று குழைய வேண்டுமென்றால் கலர் ஸ்மட்ஜ் வகை பிரஷ். 2021 டிசம்பரில் வந்த கிரிட்டா 5.0 பதிப்பில் அதன் உள்வேலையைத் திருத்தி எழுதினார்கள். ‘கலர் ரேட்’ என்பது பிரஷ் எவ்வளவு புது வண்ணம் போடுகிறது, ‘ஸ்மட்ஜ் லெங்த்’ என்பது ஏற்கெனவே இருக்கும் வண்ணத்தை எவ்வளவு தூரம் இழுக்கிறது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு சாயங்காலம் விளையாடிப் பாருங்கள் ஐயா.

தெப்பக்குளம், ஓவியம் பழகும் பெண்: ஆல்ஃபா லாக்கா, கிளிப்பிங் மாஸ்க்கா? கிரிட்டாவில் ஆல்ஃபாவை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை.

ஆல்ஃபா லாக்கில் அதே லேயரில் ஏற்கெனவே வண்ணம் பட்ட இடத்தில் மட்டும் பிரஷ் ஓடும். பிடிக்கவில்லை என்றால் பிரித்தெடுக்க முடியாது. கிளிப்பிங் தனி லேயர். அடியில் உள்ள வடிவத்துக்குள் அடங்கி நிற்கும், வேண்டாமென்றால் லேயர் பக்கத்தில் இருக்கும் கண் குறியை அணைத்து மறைத்துவிடலாம். உருவப்படத்துக்கு நிழல் போடும்போது நான் எப்போதும் கிளிப்பிங் பக்கம்தான், அதுவும் மல்டிப்ளையில் (கீழே உள்ள வண்ணத்தை இருட்டாக்கும் கலப்பு முறை), சூடான ஊதா கலந்து. சாம்பல் நிழல் மனிதத் தோலைப் பிணமாக்கும்.

நீங்கள் அழுத்திய ஆல்ஃபா, கிரிட்டாவில் கிளிப்பிங்குக்கு உள்ள ‘இன்ஹெரிட் ஆல்ஃபா’. அது ஒரே குரூப்புக்குள் கீழே இருக்கும் எல்லா லேயரையும் சேர்த்துப் பார்க்கும். உங்கள் படத்தில் அடியில் வெள்ளைப் பின்னணி முழுசாக இருக்கும், அதனால் அடங்குவதற்கு எல்லையே இல்லை. வடிவத்தின் லேயரைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜி அழுத்துங்கள். குரூப்போடு கிளிப்பிங் லேயரும் சேர்ந்து வரும்.

அலங்காநல்லூர், பெயர் வேண்டாம் என்றவர்: ஐயாயிரம் பிரஷ் கொண்ட பேக் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ஒரு பட்டை, ஒரு வட்டம், ஒரு ஸ்மட்ஜ், ஒரு சொரசொரப்பு. இந்த நான்கிலும் என்னென்ன திருகலாம் என்று பார்த்து முடிக்கவே மாதக்கணக்காகும். அந்தக் காசுக்கு டேப்லெட் பேனாவின் தேய்ந்த நிப்பை மாற்றுங்கள்.

வாடிப்பட்டி, மாணவி: கரண்ட் போய் நாலு மணி நேர வேலை போச்சு அக்கா.

ஆட்டோசேவ் இடைவெளியைக் குறைத்து வை. மேஜைக் கணினி என்றால் யுபிஎஸ் வாங்கச் சொல்லி வீட்டில் அடம் பிடி. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கிரிட்டாவில் கண்ட்ரோல்+ஆல்ட்+எஸ். பழைய ஃபைலை அழிக்காமல் அடுத்த எண் போட்டுப் புதிதாகச் சேமிக்கும்.