"நேரம் போதவில்லை": எழுத்துப் பரீட்சை பற்றிய கேள்வி பதில்

தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகள் தவணைப் பரீட்சையில் கட்டுரை, கடிதம், சுருக்கம் முதலியவற்றைக் குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்கத் திணறுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பலர் கேட்டிருந்தார்கள். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்: சேர், தரம் 7இல் படிக்கும் என் மகனுக்கு விஷயம் தெரியும். ஆனால் ஒவ்வொரு தவணையும் கட்டுரை பாதியில் நிற்கிறது. வேகமாக எழுத எப்படிப் பழக்குவது?

கையின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னர், நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள் அம்மா. ஒரு நாள் அவர் பக்கத்தில் இருந்து, வாய் திறவாமல், மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். என் வகுப்பில் ஒரு மாணவனை அப்படிப் பார்த்தேன். அடிமட்டம் வைத்துத் தாளின் நான்கு பக்கமும் கோடு போட்டான். தலைப்பை எழுதிச் சிவப்புப் பேனையால் இரண்டு தரம் அடிக்கோடிட்டான். ‘முன்னுரை’ என்று எழுதி அதற்கும் ஒரு கோடு போட்டான். பிறகு பேனையின் மூடியைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வசனம் தாளில் விழுந்தபோது 11 நிமிடங்கள் கழிந்திருந்தன. அதன் பிறகு அவன் எழுதிய வேகத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே, இடப்பக்கம் ஒரு மடிப்பு மடித்தால் ஓரம் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்து அடிமட்டத்தை வாங்கி வைத்துவிடுங்கள். அதன் பின், ஒரு தலைப்புக்கு 2 நிமிடம் என்று வைத்து, முதல் வசனத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். முழுக் கட்டுரை வேண்டாம். ஒரே இருப்பில் ஐந்து தலைப்புக்கு ஐந்து முதல் வசனங்கள் எழுதினால் அன்றைக்குப் போதும்.

சம்மாந்துறையிலிருந்து ஓர் ஆசிரியை (தரம் 8): வகுப்பில் நாற்பது பிள்ளைகள். வாரந்தோறும் நேரம் வைத்துக் கட்டுரை எழுதுவிக்கிறேன். முன்னேற்றமும் தெரியவில்லை, திருத்தியும் முடியவில்லை.

ரீச்சர், நீங்கள் ஒவ்வொரு வாரமும் நடத்துவது பரீட்சை. பயிற்சி இன்னும் தொடங்கவில்லை. மணிக்கூடு கடைசியாக வகுப்புக்குள் வர வேண்டிய பொருள் என்பது என் எண்ணம். தவணையின் முதல் மாதத்தில் நேரக் கணக்கே வேண்டாம். தலைப்பை வாசிப்பது, குறிப்பு எடுப்பது, பந்தி பிரிப்பது ஆகியவற்றை ஆறுதலாகச் செய்யுங்கள். அடுத்த மாதத்தில் ஒரு பந்திக்கு 6 நிமிடம் என்று துண்டு துண்டாக நேரம் வையுங்கள். முழுக் கட்டுரையை முழு நேரத்தில் எழுதுவது பரீட்சைக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் வந்தால் போதும்.

அரை மணி நேரக் கட்டுரை என்றால் 5 நிமிடம் குறிப்புக்கு, 20 எழுத, 5 திருத்த என்று பிரிக்கலாம். குறிப்புக்கான 5 நிமிடத்தைப் பிள்ளைகள் வீண் என்று நினைப்பார்கள். பக்கத்துப் பிள்ளை எழுதத் தொடங்கிவிட்டால் பதறுவார்கள். அதனால் குறிப்பை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக் காட்ட வேண்டும். ‘நான் கண்ட வெள்ளப்பெருக்கு’ என்ற தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பலர் ‘இயற்கை அனர்த்தங்களுள் வெள்ளப்பெருக்கும் ஒன்றாகும்’ என்று தொடங்கி, காரணம், விளைவு, தடுக்கும் வழி என்று சமூகக் கல்வி விடையை எழுதுவார்கள். ‘நான் கண்ட’ என்ற இரண்டு சொல்லின் கீழ் முதலில் கோடு போட வையுங்கள். பிறகு கரும்பலகையில் ஐந்தே சொற்கள்: இரவு மழை, வாசல், தோணி, பாடசாலை முகாம், திரும்பிய வீடு. ஒரு சொல்லுக்கு ஒரு பந்தி. மார்கழி மழையைக் காணாத பிள்ளை நம் மாவட்டங்களில் உண்டா? ஒரு மாணவி, தாயின் செருப்பு வாசற்படியைத் தாண்டி மிதந்து போனதைக் கண்டு விழித்த காலையிலிருந்து தொடங்கினாள். அவளுக்கு நேரம் மிஞ்சியது. கண்டதை எழுதுகிறவருக்கு அடுத்த வசனத்தைத் தேட வேண்டியதில்லை.

திருத்துவதற்கு: வாரத்துக்கு ஒரு விடயத்தை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் பந்தி பிரிப்பு என்றால் அதையே பாருங்கள். எழுத்துப்பிழை கண்ணில் குத்தும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வர வருடங்கள் எடுத்தன.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தந்தை: ரியூசனில் இருபது கட்டுரை கொடுத்து மனனம் செய்விக்கிறார்கள். அது நேரத்தை மிச்சப்படுத்தாதா?

தலைப்பு அப்படியே வந்தால் மிச்சப்படுத்தும். ஆனால் தலைப்பு அப்படியே வருவதில்லை. சுவாமி விபுலானந்தர் பற்றிய கட்டுரையை மனனம் செய்த பிள்ளைக்கு ‘விபுலானந்தரின் கல்விப் பணி’ என்று வினா வருகிறது. அவர் 1892இல் காரைதீவில் பிறந்தது, மயில்வாகனம் என்ற பிள்ளைப் பெயர், பெற்றோர், துறவு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகிறது பிள்ளை. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தது என்ற, வினா கேட்ட பகுதிக்கு வந்து சேரும்போது மணி அடித்துவிடுகிறது. மனனம் செய்த கட்டுரையை நடுவிலிருந்து எடுக்கப் பிள்ளையால் முடியாது. பாட்டைப் போல முதலிலிருந்துதான் வரும்.

தகவல்களை மனனம் செய்யட்டும், அதில் தவறில்லை. வசனங்களை மனனம் செய்ய வேண்டாம். ஒரே தகவலை வைத்து மூன்று வேறு தலைப்புகளுக்குக் குறிப்பு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்; எதை விடுவது என்ற பழக்கம் அதில்தான் வரும்.

ஏறாவூரிலிருந்து ஒரு மாணவி (தரம் 9): 150 சொற்களில் எழுதுக என்று வந்தால் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். என்ன செய்யலாம்?

வீட்டில் ஒரு தரம் எண்ணுங்கள் மகள், பரீட்சையில் எண்ண வேண்டாம். உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று பத்து வரிகளை எண்ணிப் பாருங்கள். ஆறு சொல் வந்தால் 150 சொல் என்பது 25 வரி. தமிழில் சொற்கள் நீளமாதலால் சிலருக்கு ஐந்துதான் வரும்; அவர்களுக்கு 30 வரி. எழுதத் தொடங்கும்போதே அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் கண்ணுக்கு எல்லை தெரியும்.

வவுணதீவிலிருந்து ஓர் அக்கா: தம்பி தரம் 6. நான் வேலைக்குப் போகிறேன். வீட்டில் அம்மம்மா மட்டும்தான், அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யார் திருத்துவது?

அம்மம்மாவே போதும். தம்பி எழுதியதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். விளங்காத இடத்தில் அவர் "என்ன சொன்னாய்?" என்று கேட்பார், அந்த இடத்தில் வசனம் முறிந்திருக்கும் அல்லது ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பெரும்பாலும் சிறு விடைகளையே எழுதிப் பழகி வந்த பிள்ளைக்கு, தொடர்ந்து ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு போவதுதான் புதிய வேலை. அதைக் கேட்க ஒரு ஆள் இருப்பது பெரிய உதவி. எழுத்துப்பிழையை நீங்கள் கிழமை முடிவில் பார்க்கலாம்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு அரைப் பக்கத்திலேயே கை நோகிறது.

பேனையை அளவுக்கு மீறி அழுத்திப் பிடிக்கிறாள் போலும். தாளைத் திருப்பி மறுபக்கத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்திருந்தால் அதுதான் காரணம். மெல்ல ஓடும் பேனை ஒன்றைக் கொடுத்துத் தினமும் பத்து நிமிடம் பார்த்து எழுத வையுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் புதுப் பேனை வாங்கிக் கொடுக்காதீர்கள். மற்றொன்று: அரைச்சுவர் வகுப்பறைகளில் கச்சான் காற்றுக்குத் தாள் பறக்கும் என்று இடக்கையால் அழுத்திப் பிடித்து முழு உடம்பையும் இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். தாளை அட்டையில் கவ்வி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வாழைச்சேனையிலிருந்து ஓர் ஆசிரியர்: கடைசி 5 நிமிடத்தில் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும்?

‘திரும்ப வாசி’ என்றால் அவர்கள் வாசிப்பார்கள், பிழை தெரியாது. தங்கள் மனதில் உள்ளதைத்தான் வாசிப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வழக்கமாக விடும் இரண்டு பிழைகளைக் கொப்பியின் முன் அட்டையில் எழுதிக் கொடுங்கள். ஒருவருக்கு ர, ற. இன்னொருவருக்கு ‘மீனவர்கள் சென்றது’ என்று எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருந்தாமை. வேறொருவர் ‘போறன்’, ‘கிடக்கு’ என்று வீட்டுப் பேச்சை அப்படியே எழுதுவார். அந்த இரண்டை மட்டும் தேடட்டும். பயனிலையைப் பார்ப்பதற்குக் கடைசி வசனத்திலிருந்து மேல் நோக்கி வாசிப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடம் மேலதிகமாகத் தருகிறார்கள். எந்த வினாக்களை, எந்த ஒழுங்கில் செய்வது என்று முடிவெடுக்கத்தான் அந்த நேரம். எட்டாம், ஒன்பதாம் தரத்திலேயே அதைப் பழக்குங்கள். பேனையைக் கையில் எடுக்காமல் ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னால் ஆரம்பத்தில் நெளிவார்கள்.

கல்முனையிலிருந்து ஒரு மாணவர் (தரம் 8): மணி அடிக்க 5 நிமிடம் இருக்கிறது, கட்டுரை பாதிதான் ஆகியிருக்கிறது, கடிதம் தொடவில்லை. என்ன செய்வது சேர்?

கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் வசனத்தோடு நிறுத்தி, இரண்டு வரியில் முடிவுரை எழுதிவிட்டுக் கடிதத்துக்குப் போங்கள் தம்பி. முகவரி, திகதி, விளிப்பு, விடயம், ஒரு சிறு பந்தி, ‘இங்ஙனம்’ வரையில் எழுதுங்கள். வெறுந்தாளுக்கு யாராலும் புள்ளி போட முடியாது. கடிதத்தின் அமைப்புக்கு உரிய புள்ளியாவது கைக்கு வரும்.