ஞாயிறு டியூட்டி பாவமா?

கேள்வி: ஐயா, நான் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறுகள் டியூட்டி விழுந்துவிடுகிறது. ஆராதனைக்குப் போக முடிவதில்லை. ‘ஓய்வுநாளை மீறினால் ஆசீர்வாதம் நிலைக்காது’ என்று சபையில் ஒரு மூத்த சகோதரி சொன்னார். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஞாயிறுக்குப் பதிலாக வார விடுப்பு கிடைக்கிறது, அதுவும் வீட்டு வேலையிலேயே போய்விடுகிறது. வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: வேலையை விடாதீர்கள் சகோதரி. முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். 18 வருஷமாக நிமிரவே முடியாத ஒரு பெண்ணை இயேசு ஓய்வுநாளில், அதுவும் ஜெப ஆலயத்திலேயே குணமாக்குகிறார். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்து குணமாகக் கூடாதா என்று ஆலயத் தலைவன் கோபப்படுகிறான். ‘உங்கள் எருதையும் கழுதையையும் ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளுடைய கட்டை அவிழ்க்கக் கூடாதா?’ என்று கேட்கிறார் ஆண்டவர். ஞாயிறு காலையில் எழுந்து உட்கார முடியாத ஒருவரைத் தாங்கிப் பிடித்து நீங்கள் தண்ணீர் கொடுக்கிறீர்கள். அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது, வார விடுப்பும் வீட்டு வேலையிலேயே போய்விடுகிறது என்று நீங்கள் எழுதிய வரிதான். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20, தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததை ஓய்வுநாளுக்குக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5 சொல்லும் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை. அடிமைக்கு லீவு கிடையாது. அதனால்தான் வேலைக்காரனும் வேலைக்காரியும் ‘உன்னைப்போல்’ இளைப்பாற வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. மாடும் கழுதையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் வீட்டில் எல்லோரும் இளைப்பாறி, நீங்கள் ஒருவர் மட்டும் துணி துவைத்துக்கொண்டிருந்தால் கட்டளை அங்கேதான் மீறப்படுகிறது. இந்தப் பகுதியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

நானும் இதில் தவறியவன். போதகனாக இருபது வருஷத்துக்கு மேல் ஞாயிறு மூன்று ஆராதனை, திங்கள் கமிட்டி, மற்ற நாட்களில் வீடு சந்திப்பு என்று ஓடினேன். ஒரு ராத்திரி என் மனைவி, “நீங்க பிரசங்கம் பண்ற ஓய்வுநாள் நம்ம வீட்டுக்கு எப்ப வரும்?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் வியாழன் சாயங்காலம் முதல் வெள்ளி சாயங்காலம் வரை எங்களுக்கு ஓய்வுநாள் ஆயிற்று. சமையலை வியாழனே இருவரும் சேர்ந்து முடித்துவிடுவோம். வனாந்தரத்தில் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவைச் சேர்த்தவர்களும் அப்படித்தானே, மறுநாள் ஓய்வுக்காக ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர், அதாவது இரண்டு மடங்கு அளவு, சேர்த்தார்கள். முந்தின நாள் ஆயத்தம் இல்லாமல் ஓய்வு கிடைக்காது. போனை அலமாரியில் வைத்துவிடுவேன். முதல் சில வாரங்கள் கை பரபரத்தது.

உங்கள் வார விடுப்பு நாளை இப்படிப் பிரித்து வையுங்கள். டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் ஆராதனையை மட்டும் தவறவிடாதீர்கள், சபையின் ஐக்கியம் உங்களுக்குத் தேவை.

கேள்வி: என் தம்பி சனிக்கிழமை ஆராதிக்கும் சபையில் சேர்ந்துவிட்டான். ஞாயிறு என்பது ரோமப் பேரரசன் புகுத்தியது என்கிறான். உண்மையா?

பதில்: முழுக்க உண்மையில்லை. வேதத்தின் ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை வரை என்பதில் உங்கள் தம்பி சொல்வது சரி. ஆனால் வாரத்தின் முதல் நாளான ஞாயிறில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் 20:7-லேயே பார்க்கிறோம். ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் அது. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சியும் ஞாயிறு கூடுகையை விவரித்திருக்கிறார். உங்கள் தம்பி சொல்லும் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் செய்தது, ஞாயிறை அரசு விடுமுறையாக்கியது. அதிலும் வயலில் உழைப்பவர்களுக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. உபாகமம் மாட்டுக்கும் கொடுத்த ஓய்வை அந்தச் சட்டம் உழுகிறவனுக்குக்கூட உறுதி செய்யவில்லை.

தம்பியோடு வாதாடாதீர்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் ஒன்றாக எண்ணுகிறான் என்று சொல்லும் ரோமர் 14:5-ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். சனிக்கிழமைகளில் அவருக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள்.