வெங்காயம் போட்ட எண்ணெய்: பிரிமோ லெவி பற்றிக் கேள்வி பதில்

பெயிண்ட் ஆலை லேபில் இருபது வருடம் கழித்தவன் என்பதால், பிரிமோ லெவியின் 'தனிம வரிசை அட்டவணை' பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

சார், தலைப்பைப் பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இது தன்வரலாறா, கதைத் தொகுப்பா?

இரண்டும்தான். லெவி 1919இல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்த யூதர், வேதியியல் பட்டதாரி, ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர், அப்புறம் ஓய்வு பெறும்வரை வார்னிஷ் ஆலையில் வேலை பார்த்தவர். 1975இல் வந்த இந்தப் புத்தகத்தில் 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். முதலில் வரும் ஆர்கானில் அவருடைய முன்னோர்கள் வருகிறார்கள். ஊரோடு அதிகம் ஒட்டாமல் வாழ்ந்தவர்கள், அதனால் மந்த வாயு. ஈயம், பாதரசம் இரண்டும் இளவயதில் எழுதிய கற்பனைக் கதைகள், அப்படியே நடுவில் செருகியிருக்கிறார். பிறந்தது வளர்ந்தது என்று வரிசையாக எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள்.

எனக்குப் பத்தாம் வகுப்போடு வேதியியல் போயே போச்சு. புரியுமா?

தாராளமாக. பொட்டாசியம் அத்தியாயத்தைப் பாருங்கள். பென்சீனைச் சுத்தம் பண்ணச் சோடியம் வேண்டும், கிடைக்கவில்லை, அக்காள் தங்கை மாதிரிதானே என்று பொட்டாசியத்தைப் போடுகிறார். வேலை முடிந்து குடுவையில் தண்ணீர் ஊற்றினால், சுவரில் ஒட்டியிருந்த ஒரு துணுக்குப் பொட்டாசியம் பற்றிக்கொண்டு திரைச்சீலை வரை நெருப்பு. சோடியமாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. 'ஏறக்குறைய அதேதான்' என்று சொல்கிற எதையும் நம்பக்கூடாது என்று அவர் அங்கே எழுதுகிறார். அந்த நெருப்புப் பிடித்த காலத்தில் வெளியே முசோலினியின் பாசிச ஆட்சி நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

இலக்கியம் இலக்கியம் என்கிறீர்கள். எங்கே இருக்கிறது, ஒரு இடம் காட்டுங்கள் பார்ப்போம்.

குரோமியம். பழைய வார்னிஷ் செய்முறை ஒன்றில், ஆளிவிதை எண்ணெய் காய்ந்து முடிகிற நேரத்தில் இரண்டு துண்டு வெங்காயம் போடு என்று இருக்கும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு கிழவரைக் கேட்டால், அந்தக் காலத்தில் தெர்மாமீட்டர் கிடையாது, வெங்காயம் பொரிய ஆரம்பித்தால் எண்ணெய் பக்குவம் என்று அர்த்தம் என்கிறார். தெர்மாமீட்டர் வந்தபிறகும் வெங்காயம் போகவில்லை. அடுத்து லெவி தன் கதைக்கு வருகிறார். ஆலை முற்றத்தில் ஈரல் மாதிரி கெட்டியாகிப்போன ஆரஞ்சு பெயிண்ட் கட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பழைய சோதனை அட்டைகளைத் துப்பறிவாளன் மாதிரி புரட்டியதில், சோதனைத் திரவம் '2 அல்லது 3 சொட்டு' என்று இருக்க வேண்டியதை யாரோ '23 சொட்டு' என்று நகலெடுத்திருப்பது தெரிகிறது. கெட்ட சரக்கெல்லாம் சோதனையில் தேறியது அதனால்தான். அமோனியம் குளோரைடு சேர்த்து அந்தப் பெயிண்டைக் காப்பாற்றுகிறார். வருடங்கள் கழித்தும் அந்த ஆலையில் தேவையே இல்லாமல் அமோனியம் குளோரைடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஏன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவருடைய மருந்தே இன்னொரு வெங்காயமாகிவிட்டது!

இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும். நான் சேர்ந்த ஆலையில் வியாழக்கிழமை பால் மில்லில் (குண்டுகள் உருண்டு பெயிண்டை அரைக்கும் எந்திரம்) புது சரக்கு ஏற்றக்கூடாது என்று ஒரு விதி. ராகு காலமோ என்று நினைத்தேன். ஸ்டோரில் இருந்த பெரியவர்தான் சொன்னார், முன்பு வியாழன் மின்வெட்டு நாளாம், பாதி அரைத்த சரக்கு அடியில் படிந்துவிடுமாம். நான் சேரும்போது வியாழன் மின்வெட்டு போய்ப் பல வருடம்.

என்னைப் பொறுத்தவரை லெவியின் பலம் இதுதான். அறிவியலை உவமையாகத் தொட்டுக்கொள்ளாமல், ஒரு மனிதன் வேலையில் எப்படி மாட்டினான், எப்படி வெளியே வந்தான் என்பதையே கதையாக்குகிறார்.

முகாம் கொடுமைகள் நிறைய வருமா? எனக்கு மனசு தாங்காது.

முகாமுக்குள்ளேயே நடப்பது சீரியம் அத்தியாயம் ஒன்றுதான், அந்த அனுபவத்தை அவர் 1947லேயே தனிப் புத்தகமாக எழுதிவிட்டார். இதில் முகாம் லேபிலிருந்து இரும்பு-சீரியம் குச்சிகளைத் திருடுகிறார். சுரண்டினால் பொறி பறக்கும், லைட்டர் கல்லுக்கு ஆகும். ஒரு கல்லுக்கு ஒரு நாள் ரொட்டி. 40 குச்சி, குச்சிக்கு மூன்று கல், ஆக 120. தனக்கு இரண்டு மாத உயிர், நண்பன் ஆல்பர்ட்டோவுக்கு இரண்டு மாத உயிர். இப்படிக் கணக்குத்தான் போடுகிறார், அழவில்லை. ராத்திரி போர்வைக்குள் உட்கார்ந்து இருவரும் குச்சியைத் தேய்க்கிறார்கள். ஆல்பர்ட்டோ திரும்பி வரவில்லை.

டார்வினின் தன்வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை விட நல்லதா?

வேறு ஜாதி. டார்வின் 1876இல் வீட்டாருக்காக எழுதினார். 1887இல் மகன் சில இடங்களை வெட்டி வெளியிட்டார், பேத்தி நோரா பார்லோ 1958இல் அவற்றைத் திரும்பச் சேர்த்தார். வயதானபின் கவிதை ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியர் குமட்டுகிறது என்று ஒப்புக்கொள்கிறாரே, அந்த நேர்மைக்கு நானும் அடிமை. ஆனால் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுகிறார், லெவியின் கையில் இன்னும் கறை இருக்கிறது.

வனேடியத்தில் வரும் முல்லர் நிஜ ஆளா?

வார்னிஷ் காயவில்லை என்று ஜெர்மன் கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்தில், ஒரு வேதிப்பெயரை வழக்கமாகத் தப்பாக எழுதுகிறவரைப் பார்த்து, முகாம் லேபில் தனக்கு மேலே இருந்த ஜெர்மன்காரர் முல்லர் இவர்தான் என்று லெவி கண்டுபிடிக்கிறார் இல்லையா? நிஜ ஆள்தான், பெயரை மாற்றியிருக்கிறார். சம்பவங்களையும் கதைக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. முல்லரைக் கெட்டவனாகவும் ஆக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, அதுதான் கஷ்டம்.

குறையே கிடையாதா?

இருக்கிறது. ஈயமும் பாதரசமும் எனக்கு ஒட்டவில்லை. மனைவி, பிள்ளைகள் வந்தும் வராமலும் போகிறார்கள்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அண்ணா?

ஆர்கானில் வட்டாரச் சொற்கள் அதிகம், முதலில் அதைத் தாண்டிவிடு தம்பி. இரும்பில் தொடங்கு. சாண்ட்ரோ என்ற மலையேறி நண்பன், பாசிஸ்டுகள் 1944இல் அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். 1984இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு சுலபமாகவே இருக்கும். என் பிரதியைக் கடன் கேட்காதே, நான் முதலில் வாங்கிய பிரதி, கடன் வாங்கிப் போனவரிடமே நின்றுவிட்டது.