மலையை வரையும் மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு எதற்கு?

தென்காசியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகன் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல்பக்கம் போய்விடுகிறான், குளத்தையும் மலையையும் வரைந்துகொண்டே இருக்கிறான், பெரிய மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசி வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனாலும் அந்த சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். கணக்கு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிடிக்காத படிப்பில் அரியர் சேர்ந்தால் கேம்பஸ் வேலையும் கிடைக்காது. நகையை வைத்து வாங்கிய கடன்தான் மிஞ்சும். அதைக் கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள். வரைகிறானே, பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) சேர்க்கலாமே என்று யாராவது சொன்னால், அது 5 வருடப் படிப்பு, அதுவும் கட்டடம் பற்றியது. இவனுக்கு அது ஈடாகாது.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு வழி இருக்கிறது: அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலைப் பட்டம்) வண்ணக்கலை, அதாவது ஓவியப் பிரிவு, 4 ஆண்டு. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. இன்னொன்று கும்பகோணத்தில் இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் என்பதால் விடுதி, சாப்பாடு, வண்ணம், காகிதம் இவைதான் பெரிய செலவு. பொறியியல் கலந்தாய்வில் இந்த இடங்கள் வராது. கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பித்து, வரைந்து காட்டும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். அந்த அறிவிப்பைத் தவறவிட்டுத்தான் பலர் ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

இயற்கைக் காட்சி மட்டுமே வரையும் பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் சறுக்குவது மனித உருவத்தில். மரம் கொஞ்சம் கோணினாலும் மரம்தான், முழங்கை இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும். அதனால் தினமும் பஸ் ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து ஆளுக்கு 2 நிமிடம் என்று 10 பேரை பென்சிலில் வரையட்டும். வீட்டுக்கு வந்ததும் குடம், செருப்பு, மடித்த துணி.

வெளியில் வரைவதையும் முறைப்படுத்த வேண்டும். செல்போனில் படம் எடுத்து வீட்டில் பார்த்து வரைய வேண்டாம். போட்டோவில் வானம் வெளுத்து, நிழல் கறுத்துவிடும். பழகிய கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும். இடத்திலேயே முதலில் 2 அங்குலத்துக்கு 3 அங்குலக் கட்டம் போட்டு வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே அளவில் காட்சியைப் பிரிக்கட்டும். நிழல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் எல்லையை முதலில் குறித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தூரத்து மலைக்கும் பக்கத்து நாற்றுக்கும் ஒரே பச்சையைத் தீட்டுவது இந்த வயதில் எல்லோரும் செய்யும் பிழை. அல்ட்ராமரைன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்து தண்ணீரை அதிகமாக்கினால் மலை தானாகப் பின்னே போகும். காகிதம் 300 ஜிஎஸ்எம் என்ற தடித்த ரகம், நாலு பக்கமும் பலகையில் டேப் ஒட்டி இருக்க வேண்டும். மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கிவிடும். 24 நிற டப்பா வேண்டாம், நல்ல 6 டியூப் போதும். குற்றாலச் சாரல் காலத்தில் வாட்டர்கலர் காயாது. அந்த மாதங்களில் கரிக்கோலை (சார்கோல்) பிடிக்கட்டும்.

தன் படங்களைத் தொகுத்துக் காட்டும் ஃபைலில் 50 படம் அடுக்க வேண்டாம். 15 போதும், அதில் ஒரே குளத்தைக் காலை, உச்சி, மாலை என மூன்று வெளிச்சத்தில் வரைந்தது கட்டாயம் இருக்கட்டும்.

வேலை? நிலக்காட்சி விற்று மட்டும் மாதச் சம்பளம் போல வருமானம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். அனிமேஷனிலும் கேமிலும் பின்னணி ஓவியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே தேவைப்படுவது ஒளியும் தூரமும் பற்றிய இதே அறிவுதான். தாவர நூல்களுக்குப் படம் வரைவது இன்னொரு வேலை. பள்ளி ஓவிய ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால், அரசுத் தேர்வுத் துறை நடத்தும் ஃப்ரீஹேண்ட் (கருவியின்றிக் கையால் வரைவது), மாடல் டிராயிங் (பொருளைப் பார்த்து வரைவது) தேர்வுகளை இப்போதே எழுதி வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் அனிமேஷன் டிப்ளமோவுக்குக் கடன் வாங்க வேண்டாம். லேப்டாப்பும், கம்ப்யூட்டரில் வரைவதற்கான பென் டேப்லெட்டும் பி.எஃப்.ஏ. மூன்றாம் ஆண்டில் வாங்கினால் போதும்.