சேர்ப்பதற்கு முன்னால் நீங்களாகக் குடியை நிறுத்திவிடாதீர்கள்

அடுத்த வாரம் கணவரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப் போகிறோம், குடித்த வாயோடு கொண்டுபோய் நிறுத்த வெட்கமாக இருக்கிறது, அதனால் மூன்று நாள் முன்னதாகவே அறையில் வைத்துப் பூட்டி நிறுத்த வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது அம்மா. மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கல்லீரல் ரிப்போர்ட்டுக்கும் தூக்க மாத்திரைக்கும் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் காய்ச்சலில் படுத்துக் குடிக்காமல் இருந்தபோது மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், போர்வையில் இல்லாத எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார், உங்களையே யார் என்று கேட்டார், அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. மையத்தில் மாத்திரை கொடுத்து மூளையைக் கெடுத்துவிடுவார்களா, திரும்பி வரும்போது பழைய மனிதராக வருவாரா என்று நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்பதற்கெல்லாம் அடியில் அந்த ராத்திரிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மது மூளையை மந்தமாக்கும். வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறவருடைய மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்தக் கூடுதல் வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நீங்கள் பார்த்த அந்தக் குழப்பம் வரும், டெலிரியம் டிரெமென்ஸ் என்போம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். போன முறை தானாகச் சரியானது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு முறை திடீரென்று நிறுத்தும்போதும் முன்னைவிடக் கடுமையாகலாம்.

அதனால் இன்றைக்கே மையத்துக்கு போன் செய்து அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லுங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், காலையில் நடுக்கத்தை அடக்கவே குடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லி, சேர்க்கும் நாளை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். அதுவரை அவர் சட்டென்று நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மருத்துவரே இப்படிச் சொல்கிறாரே என்று கோபம் வரலாம், ஆனால் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. குடித்த வாயோடு வருகிறவர்களைத் தினமும் சேர்த்துக்கொள்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், நீங்கள் கூச வேண்டிய இடமே இல்லை அது.

இதைப் படிக்கும்போது ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், வலிப்போ, இல்லாததைப் பார்ப்பதோ, நேரமும் ஆளும் தெரியாமல் பேசுவதோ, காய்ச்சலோடு உடம்பு முழுக்க நடுங்குவதோ இருந்தால், மையத்தின் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நடுராத்திரியானாலும் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

மாத்திரை கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். முதல் ஐந்து முதல் ஏழு நாள் வரை டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு மாதிரியான மருந்தைப் போதுமான அளவில் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் கொஞ்சம் தூங்கி வழிவார், பயப்படாதீர்கள், வலிப்பையும் அந்தக் குழப்பத்தையும் தடுப்பதே இந்த மருந்துதான். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். குடிப்பவர்களுக்கு இது குறைந்துபோயிருக்கும், மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும், கண் அசைவு மாறும், ஞாபகம் நிரந்தரமாகவே போய்விடலாம். வீட்டுக்கே ஆள் வரவழைத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடுவார் என்று யாரோ சொன்னார்கள் என்கிறீர்களே, தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இந்தப் பாதிப்பு இன்னும் மோசமாகலாம்.

அப்புறம், அல்பிரசோலம் என்கிற அந்தத் தூக்க மாத்திரை. கடையில் கேட்டு வாங்கி ராத்திரி ஒன்று, பகலில் பாதி என்று நீங்களே கொடுத்து வருகிறீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும், திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். முதுகு வலிக்கு அவர் போட்டுக்கொள்ளும் டிரமடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், அதற்கே அடிமையாகிறவர்களும் உண்டு. இரண்டையும் அட்டையோடு எடுத்துப்போய் மையத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மறைத்தால் அவர் தப்பாகக் கணக்குப் போட்டு மருந்து கொடுக்க வேண்டிவரும்.

காபியில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்று உறவினர் கொடுத்த மாத்திரை, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராமாக இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். அதன் வேலை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கும், அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயமே தடுமாறலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, பரிசோதனைகள் செய்த பிறகு கொடுக்க வேண்டிய மருந்து அது. யூடியூபில் பார்த்த கல்லீரல் சுத்திகரிப்புப் பொடியையும் குப்பையில் போடுங்கள்.

மற்றவை சீக்கிரம். ரிப்போர்ட்டில் இருக்கும் கொழுப்புக் கல்லீரல் குடியை நிறுத்தினாலே பெரும்பாலும் தேறிவிடும். காலையில் குடித்ததும் அடங்கிவிடுகிற கை நடுக்கம் பார்க்கின்சன் இல்லை. நிறுத்தியபின் சில மாதம் வரைகூடத் தூக்கம் கெட்டிருக்கும், அதற்காக மறுபடி மாத்திரைக் கடைக்கு ஓடாதீர்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கறாராக இருங்கள். ராத்திரியில் யார் இருப்பார்கள், வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள், மருத்துவர் எப்போது வருவார் என்று நேராகக் கேளுங்கள். மருந்தே கொடுக்க மாட்டோம், கட்டிப்போட்டால் வழிக்கு வந்துவிடுவார், ஒரு மாதத்துக்கு நீங்கள் பார்க்கவே கூடாது என்று சொல்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், வழிக்குக் கொண்டுவர அடிப்பதும் கட்டுவதும் எந்த மருத்துவத்திலும் இல்லை.

மையத்தில் 28 நாள் இருந்தால் போதுமா என்றால், உடம்பிலிருந்து மது போக ஒரு வாரம் போதும், ஆனால் குடிக்காமல் ஒரு சாயங்காலத்தைக் கழிக்கப் பழகுவதற்கு அது போதாது. உள்ளே இருக்கும் வாரங்களில் கவுன்சிலிங்கும் குழுக் கூட்டமும் அதற்காகத்தான். மூன்று மாதமாவது சிகிச்சையின் தொடர்பில் இருக்கிறவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். குடிக்கத் தூண்டும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன, உங்கள் கணவருக்கு எது பொருந்தும் என்று கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்து முடிவு செய்வார்கள். டிரமடால் எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுக்கக் கூடாது, அதையும் அட்டையைக் காட்டச் சொல்வதற்கு ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிடாமல் அடுத்த நாளே மையத்துக்கு அழைத்துப் போங்கள். சேர்க்கிற அன்றைக்கே, வெளியே வந்தபின் முதல் ரிவ்யூ என்றைக்கு, குடும்பத்தாருக்கான கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு மாமியாரை அனுப்பாமல் நீங்களே போங்கள்.