சேதுக் கரையிலிருந்து காசிக்கு: வாசகர் கேள்வி பதில்

முதுகுப் பையோடு வடக்கே புறப்படும் இளைஞர்களிடமிருந்தும், அவர்களை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடமிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காசியைப் பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் குறித்துப் பதில் தந்திருக்கிறோம்.

கல்லூரி மாணவர், ராமேஸ்வரம்: காசிக்குப் போய் வந்த என் நண்பன், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்த அரை மணி நேரத்திலேயே ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றியதாகச் சொல்கிறான். அவ்வளவு கூச்சலும் குப்பையுமா? முதல் நாளை எப்படிச் சமாளிப்பது?

உங்கள் நண்பர் மிகைப்படுத்தவில்லை. வாராணசி சந்திப்பிலிருந்து கங்கைக் கரையை நோக்கிச் செல்லும் நான்கைந்து கிலோமீட்டர் தூரமும் மின் ரிக்‌ஷா, மிதி ரிக்‌ஷா, மோட்டார் சைக்கிள், தள்ளுவண்டி, எதற்கும் அசையாத காளை மாடு, பாடை சுமந்து விரைகிறவர்கள் என அனைவரும் ஒரே சாலையில் முட்டி மோதிக்கொண்டு போக, எல்லா வண்டிகளின் ஹாரனும் ஓயாமல் அலறிக்கொண்டிருக்கும். கொதௌலியா நாற்சந்தியை நெருங்கியதும் பெரும்பாலும் இறக்கிவிட்டுவிடுவார்கள். அதற்கு மேல் நடைதான். இறங்கிய மாத்திரத்தில் படகு, விடுதி, தரிசனம், பட்டுச் சேலை என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள்.

ராமேஸ்வரத்துக்காரருக்கு இது புதிய காட்சி அன்று. இரண்டு இரவு ரயிலில் கசங்கி வந்து இறங்கும் வடநாட்டுக் குடும்பத்தை ஆட்டோக்காரரும் விடுதித் தரகரும் தீர்த்த வாளியோடு நிற்பவரும் மொய்ப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். காசியில் அந்தக் குடும்பத்தின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். நம் ஊரில் யாரை நம்பலாம், யாரைக் கண்டும் காணாமல் கடந்துவிடலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிற அதே கணக்கு அங்கேயும் பெருமளவு செல்லும்: தானாக வந்து தோளைத் தொடுகிறவரைத் தவிர்த்துவிட்டு, தன் கடையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் வழி கேட்க வேண்டும்.

உங்கள் நண்பர் தவறவிட்டது வேறொன்று என்று எண்ணுகிறேன். சாலை வழியாக நுழைகிறவர், ஒரு பெரிய வீட்டுக்குக் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தவரைப் போல, அடுக்களைச் சந்தடியையும் சாக்கடையையும் பார்த்துவிட்டு வீடே இப்படித்தான் போலும் என்று முடிவுகட்டிவிடுகிறார். காசியின் முகப்பு ஆற்றின் பக்கம் இருக்கிறது. தெற்கு நோக்கி இறங்கிவரும் கங்கை இந்த ஊரருகே வளைந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரம் முழுவதும் மேற்குக் கரையில் மட்டுமே அமைந்திருக்க, எதிர்க்கரையில் கோபுரமோ மாடியோ இல்லாமல் மணல் விரிந்து கிடக்கிறது. அரசர்களும் மடங்களும் கட்டிய மாளிகைகள் எல்லாமே உதிக்கும் சூரியனைப் பார்த்து ஆற்றை நோக்கி நிற்கின்றன. ஆகவே முதல் நாளில் கோயில், கடை, அருங்காட்சியகம் எதையும் வைத்துக்கொள்ளாமல், பையை விடுதியில் போட்டுவிட்டு நேராகப் படித்துறைக்கு இறங்கிவிடுங்கள். கூச்சல் அங்கும் உண்டு; ஆனால் சந்துக்குள் காதைப் பிளந்த ஓசை, ஆற்றின் அகலத்தில் பாதியாகக் கரைந்துவிடும்.

தெற்கே அசி முதல் வடக்கே ராஜ்காட், ஆதிகேசவம் வரை எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள் வரிசையாக அமைந்துள்ளன. வெள்ளம் வடிந்த மாதங்களில் பெரும்பகுதியை மேலே ஏறாமல் கரையோரமாகவே நடந்து கடக்கலாம். ஒவ்வொன்றின் பெயரும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆற்றைப் பார்த்து நின்றால் இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு என்ற ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். பின்புறச் சந்துகளில் கைபேசி வரைபடம் குழம்பும்போது, படித்துறையின் பெயரைச் சொல்லிக் கேட்டு இறங்கிவந்து மீண்டும் திசையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்தச் சந்துகளில் நடப்பதற்கும் ஒரு முறை உண்டு. சில இடங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். முதுகில் பருத்த பையுடன் நிற்பவர் இரண்டு பேரின் இடத்தை அடைத்துக்கொள்கிறார். பையை முன்புறம் மாட்டிக்கொள்ளுங்கள். 'ராம் நாம் சத்ய ஹை' என்ற குரல் பின்னால் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அருகிலுள்ள திண்ணையில் ஏறிவிடுங்கள். மஞ்சளும் சிவப்புமாகச் சரிகைத் துணி போர்த்திய மூங்கில் பாடை, உங்கள் தோளை உரசும் தூரத்தில் அரை ஓட்டமாகக் கடந்து போகும். தேநீர்க் கடைக்காரர் அதற்காகப் பால் ஊற்றுவதை நிறுத்துவதில்லை. வந்தவர் பலரையும் முதல் நாளில் உலுக்கிவிடுவது குப்பையைவிட இதுதான்.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று கேட்டுப் போகிறவர் ராமேஸ்வரத்துப் பிரகாரம் போன்ற ஒன்றை எதிர்பார்த்தால் அது அங்கே இல்லை. இப்போதுள்ள விசுவநாதர் கோயில் 1780ஆம் ஆண்டில் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. படித்துறைகளில் மிகப் பல, பதினெட்டாம் நூற்றாண்டில் மராட்டியர் ஆதரவில் எழுந்தவை. கோயிலிலிருந்து ஆறு வரை இன்று காணும் அகன்ற வளாகம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. உண்மையிலேயே பழைய கல்லைப் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாரநாத்துக்குப் போக வேண்டும். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கச் சின்னத்தின் மூலச் சிற்பம், அசோகர் காலத்துப் பளபளப்பு மாறாமல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசியையும் பையையும் கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீனவர், பாம்பன்: கங்கையில் ஓடும் படகு எப்படிப்பட்டது? பார்த்துவிட்டு வந்து சொல்ல மகனிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

அலைக்கு எதிரே மூக்கை உயர்த்தி நிற்க வேண்டிய அவசியம் இல்லாத படகு அது. தட்டையான அடிப்பாகமும் அகன்ற வயிறும் கொண்ட மரப்படகை நிஷாத் எனப்படும் மல்லா சமூகத்தார் தலைமுறைகளாக ஓட்டி வருகிறார்கள். இரண்டு துடுப்புகளையும் விளிம்பிலுள்ள முளையில் கயிற்று வளையத்தால் பிணைத்து ஒருவரே வலிப்பார். தெற்கே அசிப் பக்கம் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது நடு ஆற்றை விட்டுவிட்டு, ஓட்டம் தளர்ந்த கரையோரமாகவே வலித்துச் செல்வதை உங்கள் மகன் கவனித்தால் உங்கள் தொழிலின் நுணுக்கம் அங்கேயும் இருப்பது புரியும். இப்போது பல படகுகளில் எரிவாயு எஞ்சின் வந்துவிட்டது. ஏறும் முன்னரே கட்டணத்தையும், எந்தப் படித்துறை முதல் எதுவரை என்பதையும், ஆளுக்கா படகுக்கா என்பதையும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

வடகடலும் தென்கடலும் பார்த்த உங்களுக்குக் கங்கை பெரிய நீராகத் தோன்றாது. ஆயினும் மழைக்காலத்தில் அது படிகளை முழுவதும் விழுங்கிவிடும். படகுப் போக்குவரத்துக்குத் தடை போடுவார்கள். வடிந்த பிறகு படிகளில் ஆளுயரத்துக்கு வண்டல் படிந்து கிடக்க, குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அதை ஆற்றுக்கே திரும்பத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பாலம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் என்பதால் இன்னொன்று: ராஜ்காட் அருகே கீழே ரயிலும் மேலே சாலையுமாக நிற்கும் இரட்டை அடுக்குப் பாலம் 1887இல் திறக்கப்பட்டது. நம் பழைய பாம்பன் பாலம் 1914இல்தான் வந்தது.

ஆசிரியை, தேவிபட்டினம்: எங்கள் ஊர்க் கடற்கரையில் நாள்தோறும் முன்னோர் கடன் செய்வதைப் பார்க்கிறோம். ஆனால் முன்பின் அறியாதவரின் சிதையை வேடிக்கை பார்க்கப் போவது சரிதானா? மணிகர்ணிகைக்குப் போகாமல் காசி பார்த்ததாகாது என்கிறார்களே?

போகலாம், நிற்கும் இடமும் நேரமும்தான் சரி, தவறைத் தீர்மானிக்கின்றன. படம் எடுக்கவே கூடாது. படகிலிருந்து எடுத்தாலும் அது அத்துமீறல்தான், படகோட்டி அனுமதித்தாலும் அப்படித்தான். அடுக்கடுக்காகக் குவித்த விறகு, அதை எடை போடும் பெரிய தராசு, கங்கையில் ஒருமுறை நனைத்துப் படியில் சாய்த்து வைத்த உடல்கள், தீ மூட்டும் உரிமையைப் பரம்பரையாகக் காக்கும் டோம் சமூகத்தார் என அங்கே இரவு பகலாக வேலை நடக்கிறது. கடைசியில், தலை மழித்து வெள்ளைத் துணி உடுத்திய மகன், மண்குடத்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்து உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் படியேறிப் போவதைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு நகர்வது நாகரிகம்.

அங்கே ஒருவர் பணிவாக வந்து, மேலேயுள்ள கட்டடத்திலிருந்து நன்றாகப் பார்க்கலாம் என்று அழைத்துப் போவார். கட்டணம் எதுவும் இல்லை என்பார். மேலே போன பின், ஏழைகளின் தகனத்துக்கு விறகு வாங்க இவ்வளவு கிலோவுக்குப் பணம் கொடுங்கள் என்று வழி மறித்து நிற்பார். காசியின் மிகப் பழகிப்போன தந்திரம் இது. அழைப்பு வந்த இடத்திலேயே கைகூப்பிவிட்டு நடந்துவிடுங்கள்.

மாணவர், கீழக்கரை: நான் முஸ்லிம். நண்பர்கள் எல்லோரும் தீர்த்தம், கோயில் என்று திட்டமிடுகிறார்கள். எனக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, தம்பி. உங்கள் நண்பர்கள் தாயாருக்கு வாங்கி வரப்போகும் பனாரஸ் பட்டு, பெரும்பாலும் முஸ்லிம் நெசவாளர் கைகளில் உருவாவது. கொதௌலியாவிலிருந்து தெற்கே போகும் சாலையில் உள்ள மதன்புரா அவர்களின் பழைய குடியிருப்பு. தறியின் கடகடப்பு சந்து முழுவதும் கேட்கும். அதில் விசைத்தறி எது, குழித்தறி எது என்பது பரமக்குடிப் பக்கம் உறவுள்ளவர்களுக்குக் காதாலேயே தெரிந்துவிடும். ரிக்‌ஷாக்காரர் அழைத்துப்போகும் 'தொழிற்சாலை' வேறு. அங்கே சேலையின் விலையில் அவருடைய தரகும் சேர்ந்திருக்கும்.

பஞ்சகங்கைப் படித்துறையின் உச்சியில் ஔரங்கசீப் காலத்து ஆலம்கீர் பள்ளிவாசல் நிற்கிறது. அதே படித்துறையிலுள்ள பாலாஜி கோயிலில்தான் உஸ்தாத் பிஸ்மில்லா கான் ஷெனாய் பழகினார். 2001இல் பாரத ரத்னா பெற்ற பிறகும் காசியை விட்டுக் குடிபெயராதவர் அவர். நெசவாளரான கபீரின் பெயரைத் தாங்கிய கபீர் சௌரா பகுதியையும் விட்டுவிடாதீர்கள். விசுவநாதர் கோயிலை ஒட்டிய ஞானவாபிப் பள்ளிவாசல் பகுதியில் காவல் கடுமையாக இருக்கும். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாயார், தொண்டி: மகள் தோழியர் இருவருடன் போகிறாள். எங்கே தங்கச் சொல்வது? சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்?

அனுமன் படித்துறை, கேதாரப் படித்துறை ஆகியவற்றைச் சுற்றிய பகுதியில் தங்கச் சொல்லுங்கள், அம்மா. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. தமிழில் வழி கேட்டாலும் யாரேனும் பதில் சொல்லிவிடுவார்கள், இட்லியும் சாம்பார் சாதமும் கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் கேதாரப் படித்துறையை ஒட்டியிருக்கிறது. தந்தையை இழந்த பாரதி, 1898 முதல் சில ஆண்டுகள் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அனுமன் படித்துறையில். அந்த வீட்டில் 2022 டிசம்பரில் தமிழக அரசு நினைவில்லம் திறந்தது. கொதௌலியா அருகில் நகரத்தார் சத்திரமும் உண்டு; முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

முதல் நாள் பகல் வெளிச்சத்தில் ஊருக்குள் நுழையுமாறு பயணத்தை அமைப்பது நல்லது. இரவு ஆரத்தி முடிந்ததும் பெருங்கூட்டத்தோடு பெரிய சாலை வழியாகவே திரும்பட்டும், ஆளில்லாத சந்துகளைக் குறுக்குவழியாகக் கொள்ள வேண்டாம். பண்டிகை நாள்களில் தண்டாய் என்று தரும் பால் பானத்தில் 'பாங்கு' என்னும் கஞ்சா இலை விழுது கலந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். காலையில் கச்சோரியும் ஜிலேபியும் சூடாக இருக்கும் கடையில் தாராளமாகச் சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் மூடியிட்ட புட்டியாக இருக்கட்டும்.

இளைஞர், மண்டபம்: நான் ஊர் சுற்றத்தான் போகிறேன். பாட்டியோ சேது மணலை முடிந்து கொடுத்து, கங்கை நீர் கொண்டு வரச் சொல்கிறார். பையில் இடமே இல்லை.

ஒரு கைப்பிடி மணலுக்கு இடமில்லாத பையில் தேவையற்றது எதுவோ இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். சேதுவில் நீராடி மணல் எடுத்து, பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதோடுதான் யாத்திரை நிறைவுறும் என்பது மரபு. ராமேஸ்வரத்திலிருந்து வாரம் ஒரு முறை செல்லும் பனாரஸ் ரயில் சென்னை, பிரயாகை வழியாகவே போகிறது. போகிற வழியில் ஒரு நாள் இறங்கிவிட்டால் வேலை முடிந்துவிடும். திரும்பும்போது ஈயம் பற்றவைத்து மூடிய சிறு செப்புச் சொம்பு படித்துறைக் கடைகளில் கிடைக்கும். குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் அளவுகூட உண்டு. பயணம் இரண்டு நாள்களைத் தாண்டும் என்பதால் பாட்டியிடம் கூடவே கொஞ்சம் புளியோதரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகர், தங்கச்சிமடம்: எந்த மாதம் போகலாம்?

நவம்பரும் பிப்ரவரியும் மிக ஏற்றவை. மே, ஜூன் வெயிலை நம் கடற்காற்றில் வளர்ந்த உடம்பு தாங்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை படித்துறைகள் நீருக்கடியில் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், எதிர்க்கரையும் தெரியாது. ஆனால் பால் நுரையை மண்குவளையில் மிதக்கவிட்டுத் தரும் 'மலையோ' அந்தக் குளிரில் மட்டுமே கிடைக்கும் என்பதால், தாமதத்துக்கு ஒரு நாள் ஒதுக்கிவைக்க முடிந்தவர்கள் அப்போதும் போகலாம்.